சம்பளப் பட்டியல் தணிக்கை: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் கூட்டலும் கழித்தலும் சரியாக இருக்கலாம். வங்கிக்குச் சென்ற தொகை பட்டியலின் மொத்தத்தோடு ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போகலாம். இருந்தும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி சேரவேண்டிய பணம் மாதாமாதம் குறைவாகவே போய்க்கொண்டிருக்கலாம். மென்பொருள் தனக்குக் கொடுக்கப்பட்ட விதியின்படி கணக்கிடும்; அந்த விதி சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்பவரும் பெரும்பாலும் செலவு பதிவாகியிருக்கிறதா, வரி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்ற அளவோடு நின்றுவிடுவார். 'இந்த ஆளுக்கு இந்த மாதம் சட்டப்படி எவ்வளவு சேரவேண்டும்?' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடுவதே சம்பளத் தணிக்கை.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவிலோ கணக்குப் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்து, இந்தப் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வந்திருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பின்னலாடைத் தொழிலின் உதாரணங்கள் அதிகம் வரும். நேரக் கணக்கு, பீஸ் ரேட் (செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி), வாரச் சம்பளம், ஒப்பந்தக்காரர் என்று எல்லாச் சிக்கல்களும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அங்கேதான்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதியம் தரப்படவில்லை, குறைவாகத் தரப்பட்டது, போனஸ் வரவில்லை என்று ஒருவர் கோரிக்கை வைத்தால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறுவனத்தின் மீதே சுமத்துகிறது. கோரிக்கை வைக்க மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. நியாயமாகக் கொடுத்திருந்தாலும் ஆவணம் இல்லாத நிறுவனம் அங்கே தோற்கும். ஆகவே தணிக்கையில் தொகைக்கு எவ்வளவு கவனம் தருகிறீர்களோ, அந்தத் தொகைக்கான சான்றுக்கும் அவ்வளவு கவனம் தரவேண்டும்.

முதல் படி: எந்த மாதத்துக்கு எந்தச் சட்டம்

தணிக்கை எப்போதும் கடந்த மாதங்களையே பார்க்கிறது. 2025 நவம்பர் 21 அன்று, ஊதியச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய மாதங்களை 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சட்டம், 1952-ஆம் ஆண்டின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டம், 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் ஆகியவற்றைக் கொண்டே சோதிக்க வேண்டும். புதிய தொகுப்புகளோடு முரண்படாத பழைய விதிகளும் அறிவிக்கைகளும் மாறுதல் காலத்தில் தொடரும் என்று அரசு அறிவித்திருந்ததால், பிந்தைய மாதங்களுக்கும் பழைய விதிப்புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட முடியாது.

தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்கள் தனியாக இயங்குகின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களையும் ஐந்து பண்டிகை நாள்களையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்கும் 1958-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம், தொடர்ச்சியான 24 மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்தவரை நிரந்தரப் பணியாளராக்கும் 1981-ஆம் ஆண்டின் சட்டம், தொழிலாளர் நல நிதிச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் தொழில் வரி ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. ஒரு தாளின் இடப்பக்கம் மாதங்களையும் வலப்பக்கம் அந்தந்த மாதத்துக்குப் பொருந்தும் சட்டத்தையும் விகிதத்தையும் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். புதியவர் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இன்றைய விகிதத்தை நேற்றைய மாதத்தில் பொருத்திப் பார்ப்பதால் வருவதே.

இரண்டாம் படி: ஒரு தொழிலாளி, ஒரு மாதம்

ஐந்நூறு பேரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. முதலில் ஒரே ஒரு தொழிலாளியின் ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நியமனக் கடிதம், வருகைப் பதிவு இயந்திரத்தின் மூலப் பதிவு, மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளப் பதிவேடு, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கையில் அவர் கணக்குக்குப் போன வரி, நிறுவனம் மாதந்தோறும் தாக்கல் செய்யும் பி.எஃப். ஈ.சி.ஆர். கோப்பில் அவருடைய யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணுக்கு எதிரே உள்ள தொகை, இ.எஸ்.ஐ. பங்களிப்புப் பட்டியலில் அவர் பெயர், கட்டிய சலான் ஆகிய அனைத்தையும் மேசையில் பரப்பி, அவர் ஆலைக்குள் வந்த நிமிடத்திலிருந்து பணம் சேர்ந்த நாள் வரை ஒரே நூலாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நூல் அறுந்த இடத்தில் பிழை இருக்கும்.

இப்படி ஒருவரை முழுமையாக முடித்த பிறகே மாதிரியைப் பெரிதாக்குங்கள். பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிடத் தேர்ந்து எடுப்பது நல்லது. அந்த மாதம் சேர்ந்தவர், விலகியவர், சம்பளம் உயர்ந்தவர், மகப்பேறு விடுப்பில் இருப்பவர், பீஸ் ரேட்டில் வேலை செய்பவர், ஒப்பந்தக்காரரின் ஆள், மிக அதிக நேரம் வேலை செய்தவர் என்று ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும். விதி மாறும் இடங்கள் இவை என்பதால் மென்பொருளும் மனிதரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

மூன்றாம் படி: நேரக் கணக்கு

மொத்த வேலையில் அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய படி இதுதான். திருப்பூரில் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை வேலை செய்வதை 'ஒன்றரை ஷிப்ட்' என்பார்கள். அந்தச் சொல்லிலேயே சட்டச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் ஷிப்டுக்கு ஒரு பங்கு, அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அரைப் பங்கு என்று கொடுத்தால் மேலதிக நேரத்துக்கும் ஒற்றைச் சம்பளமே போகிறது என்று பொருள். தொழிற்சாலைகள் சட்டம், நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணியைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் சாதாரண விகிதத்தைப் போல் இரு மடங்கு கேட்டது. ஊதியச் சட்டத் தொகுப்பும் இரு மடங்குக்குக் குறையக் கூடாது என்றே சொல்கிறது.

ஒருவருக்கு 26 நாளுக்கு 15,600 ரூபாய் என்று கொள்வோம். நாளுக்கு 600, எட்டு மணி நேரத்தில் மணிக்கு 75. சட்டப்படி ஓ.டி. (மேலதிக நேர வேலை) மணிக்கு 150 ரூபாய். மாதத்தில் பத்து மணி நேர ஓ.டி.க்கு 1,500 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 750 மட்டும் கொடுத்திருந்தால், நூறு தொழிலாளர்களுக்கு மாதம் 75,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மூன்று ஆண்டுகளில் அது 27 லட்சம். நிர்வாகத்திடம் சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதைவிட இந்த ஒரு பெருக்கலைக் காட்டினால் வேலை விரைவாக நடக்கும்.

சில இடங்களில் இரு மடங்கு கொடுக்கிறோம் என்பார்கள். பார்த்தால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து இரு மடங்காக்கியிருப்பார்கள். தொழிற்சாலைகள் சட்டம் கேட்ட 'சாதாரண விகிதத்தில்' அடிப்படைச் சம்பளத்தோடு படிகளும் சேர்ந்திருந்தன. போனஸும் மேலதிக நேர ஊதியமும்தான் நீங்கின. பீஸ் ரேட்டுக்கு இரு மடங்கே இல்லை என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. அதுவும் தவறு. அந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, முந்தைய மாதத்தில் அதே வேலையில் அவர் உண்மையில் வேலை செய்த நாள்களின் சராசரி வருமானத்தை நாள் விகிதமாகக் கொள்ளச் சொன்னது. அப்படியானால் பீஸ் ரேட் தொழிலாளிக்கும் வருகை நேரம் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணிக்கைச் சீட்டு மட்டும் இருந்து நேரப் பதிவு இல்லையென்றால் அதையே முதல் குறையாக எழுதிக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது மஸ்டர் ரோலை மட்டும் நம்ப வேண்டாம். எல்லோரும் எட்டரைக்கு உள்ளே வந்து ஐந்தரைக்கு வெளியே போனதாக ஒரு நிமிடம் பிசகாமல் எழுதப்பட்ட பதிவேடு கிடைத்தால் அது பிறகு உட்கார்ந்து எழுதியது. இயந்திரத்தின் மூலப் பதிவு, கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் நோட்டு, ஊழியர் பேருந்து புறப்பட்ட நேரம், கேன்டீன் இரவுச் சிற்றுண்டிக் கணக்கு ஆகியவற்றை அதனோடு ஒப்பிடுங்கள். நான் முதன்முதலில் பார்த்த ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஓ.டி.யே கிடையாது என்று பதிவேடு சொன்னது. கேன்டீன் கணக்கில் இரவு எட்டு மணித் தேநீர் மாதம் முழுவதும் இருந்தது.

தாமதத்துக்கான பிடித்தத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டுவது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. வராத நேரத்துக்கு ஏற்ற அளவுக்கு மேல் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் என்ற பெயரில் பிடிப்பதானால் அது முன்னறிவிக்கப்பட்ட குற்றமாக இருக்க வேண்டும். அவருடைய விளக்கம் கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு ஊதியக் காலத்தின் மொத்த அபராதம் அக்காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நான்காம் படி: குறைந்தபட்ச ஊதியம்

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. அதில் அடிப்படை ஊதியம் ஒரு பகுதி. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைந்து ஏப்ரல் 1 தோறும் மாறும் பஞ்சப்படி இன்னொரு பகுதி. புதிய பஞ்சப்படி கணக்குப் பிரிவின் கைக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆவதுண்டு. ஜூன் மாதம் திருத்திவிட்டு ஏப்ரல், மே மாதங்களின் நிலுவையைக் கொடுக்க மறப்பது ஆண்டுதோறும் நடக்கும் பிழை. ஆகவே மாதிரியில் ஏப்ரல் மாதம் கட்டாயம் இருக்கட்டும்.

பதவிப் பெயரை அப்படியே ஏற்காமல் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டியலில் 'ஹெல்பர்' என்று இருப்பவர் மூன்று ஆண்டுகளாக ஓவர்லாக் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். அவருக்குரியது தையலருக்கான விகிதம். அதே நடையில் ஒரே வேலையைச் செய்யும் ஆண்களையும் பெண்களையும் அடுத்தடுத்து வைத்து விகிதத்தை ஒப்பிடுங்கள். ஒரே அல்லது ஒத்த வேலைக்குப் பாலின அடிப்படையில் ஊதிய வேறுபாடு கூடாது. பீஸ் ரேட்டில் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தும் துணி வராமல் வருமானம் குறைந்துபோனவருக்கும் அன்றைய குறைந்தபட்ச ஊதியத்தை உறுதி செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: எது 'ஊதியம்'

பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், பணிக்கொடை எல்லாம் 'ஊதியம்' என்ற ஒரே சொல்லின் மேல் கட்டப்பட்டவை. முன்பு ஒவ்வொரு சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு பொருள் இருந்தது. பி.எஃப். பிடித்தத்தைக் குறைக்க அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மீதியைச் 'சிறப்புப் படி', 'இதரப் படி' என்று பிரித்துக் காட்டிய வழக்கத்துக்கு 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் கடிவாளம் போட்டது. எல்லோருக்கும் பொதுவாகவும் வழக்கமாகவும் கொடுக்கப்படும் படிகள் பி.எஃப். கணக்கில் சேரும் என்பது அதன் சாரம்.

புதிய தொகுப்புகளில் வரையறை ஒன்றுதான். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, மேலதிக நேரப் படி போன்ற சில இனங்கள் ஊதியத்திலிருந்து விலக்கப்படுகின்றன. ஆனால் அந்த விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மீண்டும் ஊதியமாகவே கருதப்படும். ஒருவருக்கு மொத்தம் 40,000 ரூபாய். அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000, வீட்டு வாடகைப் படி 16,000, போக்குவரத்துப் படி 10,000 என்று கொள்வோம். விலக்குகள் 26,000, பாதி 20,000, மிஞ்சிய 6,000 ஊதியத்தில் சேர்ந்து, சட்டப்படி ஊதியம் 20,000 ஆகிறது.

இதன் விளைவை பி.எஃப்.பில் தேடினால் ஏமாறுவீர்கள். 2014 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பின்படி பிடிப்பவருக்கு அங்கே பெரிய மாற்றம் இருக்காது. பணிக்கொடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தாண்டு சேவைக்கு, மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆலும் சேவை ஆண்டுகளாலும் பெருக்கும் வழக்கமான முறையில், 14,000 ரூபாய்க்கு 80,769 ரூபாய் வரும். 20,000 ரூபாய்க்கு 1,15,385 ரூபாய். ஒரே ஆளுக்கு 34,616 ரூபாய் வேறுபாடு. இது சம்பளச் சீட்டில் தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில்தான் வெளியே வரும். அதனால்தான் தணிக்கை அதை முன்பே சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: பி.எஃப்., இ.எஸ்.ஐ.

பி.எஃப்.பில் தொழிலாளி 12, நிறுவனம் 12 சதவீதம். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும்; 15,000 உச்சவரம்பில் அது 1,250 ரூபாய். இங்கே ஒரு நுணுக்கமான பிழை உண்டு. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.பில் சேர்ந்து, சேரும்போதே 15,000-க்கு மேல் ஊதியம் பெற்றவர் ஓய்வூதியத் திட்டத்துக்கு உரியவர் அல்லர். அவருக்கும் 1,250 பிரித்து அனுப்பியிருந்தால், பிற்காலத்தில் அவர் பணம் எடுக்கப் போகும்போது கோரிக்கை சிக்கிக்கொள்ளும். ஈ.சி.ஆர். கோப்பில் சேர்ந்த தேதியையும் ஓய்வூதியப் பத்தியையும் ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

இ.எஸ்.ஐ.யில் 2019 ஜூலை முதல் நிறுவனம் 3.25, தொழிலாளி 0.75 சதவீதம், ஊதிய வரம்பு 21,000 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஜூன் மாதம் சம்பளம் 22,000 ஆனவரை ஜூலையிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது பொதுவான தவறு; செப்டம்பர் முடியும் வரை அவருக்கு முழுச் சம்பளத்தின் மீதும் கட்ட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் நடந்த மாதங்களில் ஓ.டி. தொகை வரம்பைத் தாண்டியதா என்று பார்க்கச் சேராது. ஆனால் பங்களிப்பைக் கணக்கிடச் சேரும். 2025 ஜூலையில் 20,800 ரூபாய் ஊதியமும் 1,500 ரூபாய் ஓ.டி.யும் பெற்றவர் இ.எஸ்.ஐ.க்குள்ளேயே இருக்கிறார், பங்களிப்போ 22,300 ரூபாயின் மீது, அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தித் தொழிலாளி 168, நிறுவனம் 725 என்று வரும். புதிய வரையறை மேலதிக நேரப் படியை விலக்குகளில் வைத்திருப்பதால், அதற்குப் பிந்தைய மாதங்களை இதே கணக்கில் சோதிக்கக் கூடாது. முதல் படியில் எழுதி வைத்த தாள் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

இரண்டுக்கும் கட்டவேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 15. தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுத் தாமதமாகக் கட்டினால் வட்டியோடு போகாது. அப்போதைய வருமான வரிச் சட்டத்தின்படி, அந்தத் தொகையை நிறுவனம் செலவாகக் கழிக்கவும் முடியாது என்று 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'டிரெய்னி' என்று பெயரிட்டு ஆள்களை பி.எஃப்.புக்கு வெளியே வைத்திருந்தால், பயிற்சியாளர் சட்டத்தின் கீழான பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லாத பயிற்சியாளர் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் சாதாரணத் தொழிலாளியே.

ஏழாம் படி: ஒப்பந்தக்காரர்

'எங்கள் ஆள்கள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்கள்' என்ற விடையை ஏற்றுக்கொண்டு தாண்டிவிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால் சம்பளமும் பி.எஃப்.பும் முதன்மை நிறுவனத்தின் தலையில்தான் விழும். பில்லோடு இணைத்த சலான் ஒன்றை வைத்து திருப்தி அடைய வேண்டாம். ஒரே சலானை நான்கு நிறுவனங்களுக்குக் காட்டுபவர்களும் உண்டு. உங்கள் கேட்டின் வழியாக உள்ளே வந்தவர்களின் பெயர்களை ஈ.சி.ஆர். கோப்பில் யூ.ஏ.என். எண்ணோடு ஒன்றொன்றாகத் தேடுங்கள். பிறகு மொத்த வங்கிக் கணக்கு எண்களை வரிசைப்படுத்தி ஒரே எண் இரண்டு பெயர்களுக்கு எதிரே வருகிறதா என்று பாருங்கள். கணவன் மனைவி ஒரே கணக்கை வைத்திருப்பதும் உண்டு என்பதால் உடனே முடிவுக்கு வந்துவிடாமல், நேரில் அழைத்துப் பேசிய பிறகு எழுதுங்கள்.

எட்டாம் படி: தேதிகளும் ஆண்டுக்கொருமுறை வருபவையும்

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், வாரச் சம்பளம் வாரத்தின் கடைசி வேலை நாளில், விலகியவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாள்களுக்குள் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. மூன்றாவதுதான் பெரும்பாலும் மீறப்படுகிறது. கணக்கை முடிக்க ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்வது வழக்கம் என்று பலரும் கூசாமல் சொல்வார்கள். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதால், முன்பணமும் விடுதிக் கட்டணமும் ஒரே மாதத்தில் பிடிக்கப்பட்டவர்களைத் தனியே பார்க்க வேண்டும்.

தேசிய, பண்டிகை விடுமுறை நாளில் வேலை வாங்கியிருந்தால் இரு மடங்கு ஊதியமோ, அன்றைய ஊதியத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறையோ கிடைத்ததா என்று பாருங்கள். போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையாமல் கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் சேர வேண்டும். தீபாவளிக்கு இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டில் 30 நாள்களேனும் வேலை செய்து இடையில் விலகியவர்களை விட்டுவிடுவது அநேகமாக எல்லா இடத்திலும் நடக்கும். தொழில் வரியை அரையாண்டுக்கொருமுறையும் நல நிதியை ஆண்டுக்கொருமுறையும் பார்த்தால் போதும்.

ஒன்பதாம் படி: எழுதுவதும் திருத்துவதும்

அறிக்கையில் 'ஓ.டி. கணக்கில் குறைபாடு உள்ளது' என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். எந்த மாதம், எத்தனை பேர், எந்தச் சட்டம், கொடுத்தது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு, வேறுபாடு எவ்வளவு, அதன்மேல் எழும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எவ்வளவு, யார் எந்தத் தேதிக்குள் திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு குறைக்கும் எழுதுங்கள். ஒருவரின் எழுத்துப்பிழையையும் எல்லோரையும் பாதிக்கும் மென்பொருள் விதிப் பிழையையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். முன்னதைத் திருத்த ஒரு நாள் போதும்; பின்னதற்கு விதியை மாற்றி, நிலுவையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, விலகிப் போனவர்களையும் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய பதிவேட்டில் கை வைத்துத் திருத்தும்படி உங்களை யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். நிலுவை தனிப் பட்டியலாக, இன்றைய தேதியில், எந்த மாதத்துக்கு என்ற குறிப்போடு, வங்கி வழியாகவே போகட்டும். சம்பளச் சீட்டிலும் அது தனி வரியாகத் தெரியட்டும். அதற்குரிய பி.எஃப். பங்களிப்பைக் கூடுதல் ஈ.சி.ஆர். வழியாகக் கட்டி, சலானை அதே கோப்பில் வையுங்கள். அடுத்த தணிக்கையின் மாதிரியில் புதிய பெயர்களோடு, இந்த முறை குறை கண்ட அதே தொழிலாளர்களையும் சேர்த்து, அவர்களுடைய வருகைப் பதிவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.